உங்க நம்பரையே போட்டுருங்க

“பாஸ்வேர்டு கேக்குற மாதிரி வைக்கவாக்கா, கேக்காத மாதிரி வைக்கவா?”

ஏழு வருடங்களுக்கு முன்பு, குன்னம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே உள்ள சிறிய கடையில், இரண்டு கணினிகளை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் வைத்துவிட்டு பாலாஜி இப்படிக் கேட்டான். அரியலூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவன். கேள்வியைக் கேட்டது மலர்கொடியிடம். அவருக்கு அப்போது முப்பது வயது. பெரம்பலூரில் பி.சி.ஏ. படித்து, சென்னையில் ஓர் அலுவலகத்தில் இரண்டு வருடம் தட்டச்சு வேலை பார்த்து, கல்யாணத்துக்குப் பிறகு ஊருக்குத் திரும்பியவர். கணவர் பிரேம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறார். கடை மலர்கொடியின் யோசனை.

“கேட்டா என்ன, கேக்காட்டி என்ன?”

“கேட்டா பத்திரம். கேக்காட்டி சுளுவு.”

பெயர்ப்பலகை கூட மாட்டவில்லை. அதற்குள் வாசலில் நான்கு பேர் கையில் ரேஷன் கார்டோடு நின்றிருந்தார்கள். மலர்கொடி அவர்களைப் பார்த்தார், பாலாஜியைப் பார்த்தார்.

“கேக்காத மாதிரியே வை.”

கடையின் வழக்கங்கள் எல்லாம் அந்தப் பதிலிலிருந்து வந்தவை. கணினியைத் திறந்தால் நேராகத் திரை வரும். இணையதளத்தில் நுழைந்தபின் ‘கடவுச்சொல்லைச் சேமிக்கவா?’ என்று கேட்கும் சிறு பெட்டிக்கு எப்போதும் ஆமாம்தான். அடுத்த முறை அதே தளத்தைத் திறந்தால், கடைசியாக நுழைந்தவரின் எண்ணும் கடவுச்சொல்லும் தாமாகவே கட்டத்தில் வந்து உட்காரும். ஒரு நாளைக்கு அறுபது பேர் வரும் கடையில், தட்டாமல் மிச்சமாகும் ஒவ்வொரு எழுத்தும் ஒரு ஆளைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பியது.

கடவுச்சொல்லுக்கு மலர்கொடி ஒரு சூத்திரம் வைத்திருந்தார். பெயர், ‘@’ என்கிற அட், பிறந்த வருடம். குஞ்சம்மாள் என்றால் குஞ்சம்மாள் அட் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்று. வந்தவர் மறந்தாலும் மலர்கொடி மறக்க மாட்டார், ஆதார் அட்டையைப் பார்த்தாலே போதும். முன்பெல்லாம் அவரவர் இஷ்டத்துக்கு வைக்கச் சொல்லிப் பார்த்ததுண்டு. ஒருவர் பழைய மாட்டின் பெயரை வைத்தார். மூன்று மாதம் கழித்து எந்த மாடு என்று அவருக்கே நினைவில்லை.

அடுத்தது போன் நம்பர். விண்ணப்பம் போட்டால் ஓ.டி.பி. வரும். அந்த ஆறு இலக்கத்தைத் தட்டினால்தான் வேலை நகரும். வீட்டில் இருப்பது ஒரு போன். அது காலை ஆறு மணிக்கே காட்டுக்கோ திருப்பூருக்கோ போய்விடும். போன் பண்ணினால் எடுக்க மாட்டார்கள். எடுத்தால், “அது என்னமோ இங்கிலீசுல வந்திருக்கும்மா” என்பார்கள். படித்துச் சொல்வதற்குள் நேரம் முடிந்துவிடும். ஆகவே மலர்கொடி எல்லாருக்கும் தன் நம்பரையே போட்டார். ஓ.டி.பி. அவர் போனுக்கு வரும். வந்த பெயரையும் எண்ணையும் கடைக்குள் உரக்கச் சொல்வார். யாருக்கு வந்ததோ அவர் தட்டிக்கொள்வார்.

“ஊருல உள்ள ஓடிபி பூரா உனக்குத்தான் வருது” என்று ஒருநாள் குஞ்சம்மாள் சொன்னார். கடைக்குப் பின்தெருவில் குடியிருப்பவர், வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வந்து உட்காருபவர். “எங்க வூட்டுக்காரரு என்ன பண்றாருன்னு எனக்கு முன்னாடி உனக்குத் தெரிஞ்சுபோவுது.”

“அவரு ஒண்ணும் பண்ணலத்த. கேஸு சிலிண்டருதான் புக் பண்ணிருக்காரு.”

“அதான் பார்த்தேன். அந்த மனுசன் அதுக்கு மேல என்னத்தப் பண்ணப் போறாரு.”

கடையே சிரித்தது. ஆறு வருடம் இப்படித்தான் ஓடியது. ஒரு தவறும் நடக்கவில்லை.

போன வருடம், பிளஸ் டூ முடித்தவர்கள் கலந்தாய்வுக்குக் கல்லூரி தேர்வு செய்யும் வாரம். மாணவர்கள் தங்களுக்கு வேண்டிய கல்லூரிகளை வரிசையாக இணையத்தில் பதிய வேண்டும். பதிந்தபின் பூட்ட வேண்டும். பூட்டிவிட்டால் மாற்ற முடியாது. பூட்டுவதற்கு ஓ.டி.பி. உண்டு.

கடைசி நாளுக்கு முந்தைய சாயங்காலம் சத்யா வந்தாள். பி. சத்யா. அப்பா பிச்சைமுத்து, குன்னத்துக்கு வடக்கே இரண்டு ஏக்கர் மானாவாரியில் மக்காச்சோளம் போடுபவர். சத்யாவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, அரியலூரில் நர்சிங். வாசலில் ஏறினால் ஒரே பஸ், சாயங்காலம் வீடு. மதிப்பெண்ணுக்கு அது கிடைக்கும் என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். இரண்டாவது கணினியில் மலர்கொடி பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, அரியலூரை முதலிலும் அடுத்தடுத்து பக்கத்து ஊர்களையுமாகப் பதினொரு கல்லூரிகளைப் போட்டாள்.

“பூட்டிரலாமா?”

“அப்பாகிட்ட ஒரு தடவ காட்டிட்டு நாளைக்குப் பூட்டிக்கிறேங்க்கா. அவரு பாக்காம நான் பண்ணுனேன்னு இருக்கக் கூடாது.”

காகிதத்தில் எழுதிக்கொண்டு போனாள்.

மறுநாள் கடைசி நாள். காலை எட்டு மணிக்கே வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. தளம் ஊர்ந்தது. பத்தரைக்கு மின்சாரம் போய் பதினொன்றுக்கு வந்தது. மலர்கொடி முதல் கணினியில் ஒருவரை எழுப்பி ஒருவரை உட்காரவைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்று சொல்ல ஆளில்லாமல் இரண்டாவது கணினி சும்மா கிடந்தது. பக்கத்து ஊரிலிருந்து இன்னொரு சத்யா வந்தாள். ரா. சத்யா. அப்பா ராஜராஜன், நிலபுலன் உள்ளவர். பெண்ணைச் சென்னைக்கு அனுப்பி லேப் டெக்னாலஜி படிக்கவைக்க விருப்பம். இவளுக்கும் மே மாதத்தில் விண்ணப்பம் போட்டுக் கொடுத்தது மலர்கொடிதான். இவளும் இரண்டாயிரத்து ஏழில் பிறந்தவள்.

“அக்கா, நானே போட்டுக்குவேன். அந்த சிஸ்டம் சும்மாதானே இருக்கு?”

“போட்டுக்கம்மா. பாஸ்வேர்டு தெரியுமில்ல? சத்யா அட் ரெண்டாயிரத்து ஏழு.”

“தெரியுங்க்கா.”

அரை மணி நேரத்தில் மலர்கொடியின் போன் அதிர்ந்தது. ‘அன்புள்ள சத்யா’ என்று ஆரம்பித்தது செய்தி. மலர்கொடி தலை தூக்காமல் படித்தார்.

“சத்யா. எழுபத்தி நாலு, பூஜ்யம் எட்டு, முப்பத்தி ஒண்ணு.”

“போட்டுட்டேங்க்கா. லாக் ஆயிடுச்சு.”

“சரி, எந்திரி. அடுத்தது யாரு?”

சாயங்காலம் ஐந்து மணிக்கு பிச்சைமுத்தும் பி. சத்யாவும் வந்தார்கள். அப்பா பார்த்துச் சரி சொன்ன காகிதம் அவள் கையில் நான்காக மடிந்திருந்தது. தளத்தில் நுழையவே பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று. நுழைந்ததும், ‘உங்கள் தேர்வுகள் பூட்டப்பட்டுவிட்டன’ என்று பச்சை நிறத்தில் ஒரு வரி.

“பூட்டியிருக்கே” என்றாள் சத்யா. “நான் பூட்டலியேக்கா.”

மலர்கொடி எட்டிப் பார்த்தார். பின்னால் இருபது பேர். “காலையில உன் பேருக்கு ஓடிபி வந்துச்சும்மா. கூட்டத்துல நானே பூட்டியிருப்பேன். நேத்து நீதான சொன்ன, நாளைக்குப் பூட்டணும்னு.”

“லிஸ்ட்டு ஒருதரம் பாத்துக்கலாமாக்கா?”

பட்டியலைத் திறக்க அழுத்தினார்கள். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

“விடும்மா, அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார் பிச்சைமுத்து. “எட்டு நம்பர் பஸ்ஸு போயிரப்போவுது.”

எட்டு நாள் கழித்து முடிவு வந்தது. பி. சத்யாவுக்குச் சென்னையில் லேப் டெக்னாலஜி. ரா. சத்யாவுக்கு ஒன்றும் இல்லை. அவள் எதையும் தேர்வு செய்யவே இல்லை என்று தளம் சொன்னது.

என்ன நடந்தது என்பது ரா. சத்யா வந்து சொன்ன பிறகுதான் புரிந்தது. அவள் அழவில்லை. குழப்பமாகத்தான் பேசினாள்.

“உள்ள போறப்பவே நம்பரு, பாஸ்வேர்டு எல்லாம் போட்டு ரெடியா இருந்துச்சுக்கா. நம்ம பாஸ்வேர்டுதானான்னு அந்தக் கண்ணு படத்த அமுக்கிக்கூடப் பாத்தேன். சத்யா அட் ரெண்டாயிரத்து ஏழுதான் இருந்துச்சு.”

“அப்ளிகேஷன் நம்பரப் பாக்கலியா?”

“பதிமூணு நம்பருக்கா. அத யாரு பாக்கப்போறா?”

“உள்ள பேரு? பி போட்டிருக்குமே.”

“சத்யான்னு இருந்துச்சு. இனிஷியல் கடைசியில எங்கயோ இருக்கும்போல, பாக்கல.”

“பதினொரு காலேஜு ஏற்கெனவே இருந்திருக்குமே, சத்யா.”

“இருந்துச்சு. எல்லாம் நம்ம பக்கத்து ஊரு காலேஜா இருந்துச்சா, சரி, கவர்மென்டே அவங்கவங்க ஊருக்குத் தக்கன போட்டுக் குடுக்குறாங்கபோலன்னு நெனச்சேன். வேணாம்னா எடுத்துட்டு நம்மளது போட்டுக்கணும்னு. எடுத்துட்டுப் போட்டேன்.”

மலர்கொடி கேட்டுக்கொண்டிருந்தார். தளம் நான்கு இடத்தில் நிறுத்திக் கேட்டிருக்கிறது. எண் என்ன, கடவுச்சொல் என்ன, இது நீதானா, பூட்டவா. நான்குக்கும் பதில் இந்தக் கடையில் முன்கூட்டியே தயாராக இருந்திருக்கிறது. கடைசிப் பதிலை அவரே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார்.

ராஜராஜன் வந்து சத்தம் போட்டார். “சர்க்கார்ல பாஸ்வேர்டு எதுக்கு வச்சான்? எல்லாருக்கும் ஒரே சாவின்னா பூட்டு எதுக்கு?” அந்த வாரமே அவர் மகளைத் திருச்சியில் ஒரு தனியார் கல்லூரியில் சேர்த்துவிட்டார். பிறகு வரவில்லை.

பிச்சைமுத்து சத்தம் போடவில்லை. “நேர்ல போய்ச் சொன்னா மாத்திக் குடுப்பாங்களாம்மா?” என்று மட்டும் கேட்டார். மறுநாள் விடிகாலை மலர்கொடி கடையைப் பூட்டினார். மூன்று பேரும் பெரம்பலூர் போய்ச் சென்னை பஸ் ஏறினார்கள். சத்யா மடியில் பிளாஸ்டிக் உறை, உறைக்குள் அந்த நான்காக மடித்த காகிதம்.

கலந்தாய்வு அலுவலகத்தில் உதவி மேசை என்று பலகை இருந்தது. கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி நிதானமாகக் கேட்டார். திரையில் எதையோ பார்த்தார்.

“ஓடிபி போட்டுத்தானே லாக் ஆகியிருக்கு. ஓடிபி யாருக்கு வந்துச்சு?”

“எனக்குங்க மேடம்” என்றார் மலர்கொடி.

“நீங்க அந்தப் பொண்ணுக்கு என்ன வேணும்?”

“கடை வச்சிருக்கேங்க. அப்ளிகேஷன் போட்டுக் குடுத்தேன்.”

“உங்க நம்பர் ஏன் அந்தப் பொண்ணு பேருக்கு நேரா இருக்கு?”

“சுளுவா இருக்கும்னுங்க.”

பெண்மணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபப்படவில்லை. “எங்களுக்கு ஓடிபி போட்டவங்கதான் சத்யா. வேற யாரோன்னு நாங்க எப்படிச் சொல்றது? இன்னிக்கு உங்களுக்கு மாத்துனா, பிடிக்காத சீட்டு வந்த எல்லாரும் நாளைக்கு வந்து வேற யாரோ பூட்டிட்டாங்கன்னு நிப்பாங்க. அரியலூர் சீட்டு அடுத்த ராங்க்ல இருந்த பொண்ணுக்குப் போயிடுச்சு. அதுவும் சேர்ந்துடுச்சு.” பிறகு சத்யாவைப் பார்த்தார். “கெடைச்ச கோர்ஸும் நல்ல கோர்ஸ்தான்ம்மா. வெள்ளிக்கிழமைக்குள்ள சேரலாம். விட்டுட்டீங்கன்னா இந்த வருஷம் மறுபடி கேட்க முடியாது.”

வெளியே வந்தார்கள். பிச்சைமுத்து ஒரு தூணருகே நின்று, “மெட்ராசுல எங்க விடுறது?” என்றார். யாரையும் கேட்கவில்லை. திரும்பும் பஸ்ஸில் மலர்கொடிக்கு ஜன்னலோரம் கொடுத்தார். விழுப்புரம் தாண்டியதும், “நீங்க சாப்பிடவே இல்லியேம்மா” என்று ஒரு பொட்டலம் புளிச்சோறு கொடுத்தார். மலர்கொடி வாங்கிச் சாப்பிட்டார். உப்பு இருந்ததா இல்லையா என்று தெரியவில்லை. முன்சீட்டில் சத்யா போனில் எதையோ தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

வெள்ளிக்கிழமை போயிற்று. சத்யா சேரவில்லை. பெரம்பலூரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குப் போகத் தொடங்கினாள்.

மலர்கொடி வழக்கம்போல ஒன்பது மணிக்குக் கடை திறந்தார். அழுகை வரும் என்று அவரும் எதிர்பார்த்தார், பிரேமும் எதிர்பார்த்தார். வரவில்லை. மாவரைத்தார், பிள்ளைக்குத் தலை பின்னினார், லேமினேஷன் போட்டார். ஒருநாள் மதியம் சாப்பாட்டின்போது போன் அதிர்ந்தது. ‘அன்புள்ள சத்யா, இரண்டாம் சுற்று தொடங்குகிறது.’ எந்த சத்யாவுக்கு என்று செய்தியில் இல்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சோற்றைப் பிசைந்தார்.

அடுத்த வாரம் பாலாஜியை வரச்சொன்னார்.

“எல்லாத்தையும் கேக்குற மாதிரி வை.”

“எல்லாத்தையுமா? கூட்டம் நிக்கிற கடைக்கா இது. ரெண்டு நிமிசம் கை வைக்கலைன்னா சிஸ்டம் பூட்டிக்கும். பேங்க்ல இருக்குறவங்களே இத அணைச்சு வைக்கச் சொல்லி என்னைக் கெஞ்சுறாங்க.”

“வை.”

“அப்பவே கேட்டேன்ல” என்று ஆரம்பித்தவன், மலர்கொடியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். சேமித்திருந்த கடவுச்சொற்களை அழித்தான். இரண்டாயிரத்து முந்நூற்றுச் சொச்சம் இருந்தன. அழிக்கவா என்று கணினி ஒரே ஒருமுறை கேட்டது.

அதன்பின் கடை மெதுவாயிற்று. கடவுச்சொல்லை அவரவரே யோசித்து, அவரவரே தட்ட வேண்டும். தளம் கேட்கும் ரகசியக் கேள்விகளுக்கும் அவரவரே பதில் சொல்ல வேண்டும். மலர்கொடி திரும்பி நின்றுகொள்வார். எதிர்ச்சாரியில் புதிதாக வந்த கடையில் இதெல்லாம் இல்லை. அங்கே போனால் ஐந்து நிமிடம். கூட்டத்தில் பாதி சாலையைக் கடந்தது. குஞ்சம்மாளே ஒருநாள் அங்கிருந்து வெளியே வந்தார். மலர்கொடி பார்த்ததைப் பார்த்துவிட்டு, நேராக இங்கே வந்தார்.

“கோச்சுக்காத. வாசல்ல நிக்க வச்சு, ‘உங்க அம்மா பேரு என்ன, உங்களுக்குப் பிடிச்ச பழம் என்ன’ன்னு கேக்குற. பொண்ணு பாக்க வந்தவன்கூட இவ்வளவு கேக்கல.”

“பத்திரத்துக்குத்தான்த்த.”

“எங்கிட்ட என்னத்த இருக்கு பத்திரம் பண்ண?”

மலர்கொடி சிரித்தார். சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்ததால் சிரித்தார். மாதக் கடைசியில் பாலாஜியை மறுபடி கூப்பிட்டு, இரண்டு நிமிடத்தைப் பத்து நிமிடமாக்கச் சொன்னார். கடவுச்சொல்லைச் சேமிப்பதை மட்டும் திரும்பக் கொண்டுவரவில்லை. தன் நம்பரையும் யாருக்கும் போடவில்லை.

ஐப்பசியில் பயிர்க் காப்பீட்டுக்குப் பதியும் நாட்கள் வந்தன. ஒருநாள் பதினொரு மணிக்கு பிச்சைமுத்து வரிசையில் நின்றார். எதிர்க்கடை காலியாகத்தான் இருந்தது. வி.ஏ.ஓ. எழுதிக் கொடுத்த மக்காச்சோள அடங்கலை நீட்டினார். மலர்கொடி விவரங்களைத் தட்டிக்கொண்டே வந்து, கைப்பேசி எண் கட்டத்தில் நின்றார்.

“போன் நம்பர் சொல்லுங்கண்ணே.”

“உங்க நம்பரையே போட்டுருங்கம்மா.”

மலர்கொடியின் கை விசைப்பலகை மேல் இருந்தது. பிச்சைமுத்துவின் முகத்தில் ஏளனமோ குத்தலோ இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. எப்போதும் சொல்வதைத்தான் சொல்லியிருந்தார்.

“இல்லண்ணே. உங்க நம்பர்தான் போடணும்.”

“என் நம்பரு எனக்கெங்க தெரியுது? பாப்பாதான் சொல்லும்.”

“என் போனுக்கு ஒரு மிஸ்டு கால் குடுங்க.”

கொடுத்தார். மலர்கொடியின் போனில் ‘சத்யா அப்பா’ என்று விழுந்தது. அந்த எண்ணைப் பார்த்துத் தட்டினார். ஓ.டி.பி. பிச்சைமுத்துவின் பட்டன் போனுக்கு வந்தது.

“வந்துருச்சும்மா.”

“நீங்களே படிங்கண்ணே. எங்கிட்ட காட்டாதீங்க, படிச்சு நீங்களே தட்டுங்க.”

பிச்சைமுத்து போனைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தார். கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். “மூணு… இது எட்டா, ஆறா?” விசைப்பலகையில் மூன்றைத் தேடினார். பின்னால் இருந்த ஒருவர், “பெருசு, ராத்திரி சாப்பாட்டுக்குள்ள முடிஞ்சிருமா?” என்றார். நேரம் முடிந்தது. மறுபடி அனுப்பச் சொல்லி அழுத்தினார்கள்.

அது வரும்வரை என்ன பேசுவது என்று தெரியாமல் மலர்கொடி கேட்டார். “சத்யா எப்படிண்ணே இருக்கு?”

“கடைக்குப் போயிட்டு வருது. அடுத்த வருசம் மறுபடி போடுறேன்னுது.”

“வரச்சொல்லுங்க. நான் பக்கத்துல இருந்து…”

“இல்லம்மா. அது போன்லயே போட்டுக்குமாம். சொந்தமா ஒரு நம்பர் வாங்கிக்கிச்சு. பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாதுப்பான்னுது. எனக்கே சொல்ல மாட்டேங்குது.” அதைச் சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

“நல்லதுண்ணே.”

போன் மறுபடி மணி அடித்தது. பிச்சைமுத்து இந்த முறை பார்க்கவே இல்லை. கையை நீட்டி, போனை மலர்கொடியின் முன்னால் மேசையில் வைத்தார்.

“நீங்களே பாத்துருங்கம்மா. எனக்குக் கண்ணு தெரியல. உங்களுக்குத் தெரியாததா?”

வரிசை காத்திருந்தது. திரையின் ஓரத்தில் நொடிகள் குறைந்துகொண்டிருந்தன. நாற்பது, முப்பத்தொன்பது, முப்பத்தெட்டு. மலர்கொடி போனை எடுத்தார். ஆறு எண்கள். வாய்விட்டுச் சொல்லாமல் படித்து, தானே தட்டினார். பதிவாகிவிட்டது என்று பச்சை நிறத்தில் ஒரு வரி வந்தது.

திரையில் இருந்த பெயரை இரண்டு தரம் பார்த்தார், முன்னெழுத்தோடு. பிறகு ரசீதை அச்சிட்டு, போனோடு சேர்த்து பிச்சைமுத்துவிடம் கொடுத்தார்.